பிடிமானம்: ஒரு பித்தளை மூடியும் சில எண்ணங்களும்

ஏற்காட்டில் ஏரிக்கு அருகே ஒண்டிக்கடை என்றொரு சந்திப்பு உண்டு. ஒண்டியாய் ஒரு கடை நின்ற இடம் என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. இன்று அங்கே கடைகளுக்குக் குறைவில்லை. சென்ற ஆண்டு செப்டம்பரில், ஒரு நாவலைப் பற்றி இரண்டு நாள் உட்கார்ந்து பேசுவதென்று முடிவுசெய்து, நண்பர்கள் ஐந்து பேர் சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி அங்கே போய்ச் சேர்ந்தோம். நாவலைப் பற்றிப் பேசியது குறைவு. அதற்குக் காரணம் ஒரு பித்தளை மூடி. அந்த மூடியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதல் நாள் காலை தேநீர்க்கடை வாசலில் நின்றிருந்தோம். மழை விட்ட நேரம். பக்கத்துக் காப்பித் தோட்டத்தில் வேலை பார்க்கும் ஒரு பெரியவர் மருந்து தெளிப்பானின் நுனிக்குழலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, அதன் முனையிலிருந்த மூடியைக் கழற்றப் பாடுபட்டுக்கொண்டிருந்தார். துளையில் சுண்ணாம்பு அடைத்துக்கொண்டிருந்தது. கை முழுவதும் நீலம். அவர் திருகத் திருக, விரல்கள் மூடியின் மேல் வழுக்கிக்கொண்டு சுற்றின. லுங்கியில் கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி முயன்றார். பிறகு யாரும் எதிர்பாராத ஒன்றைச் செய்தார். குழலைத் தூக்கி, மூடியைக் கடைவாயில் வைத்துப் பல்லால் கடித்துத் திருப்பினார். அது கழன்றது. காறித் துப்பிவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

அந்த நீலம் என்ன என்பதைக் காப்பித் தோட்டங்களைப் பற்றி அறியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் நீரில் கரைத்துச் செய்யும் போர்டோ கலவை அது. 1880களில் பிரான்சின் போர்டோ பகுதியில் திராட்சைக் கொடிகளுக்காகக் கண்டறியப்பட்டது. காப்பியின் இலைத் துருநோய்க்கு இன்றும் அதைத்தான் முதன்மையாகத் தெளிக்கிறார்கள். 1869இல் இலங்கையில் முதன்முதலாகப் பதிவான இந்தத் துருநோய்தான் அத்தீவின் காப்பித் தொழிலையே அழித்து, அங்கே தேயிலை வரக் காரணமானது. சேர்வராயன் மலையின் காப்பிக்கும் அது தீராத எதிரி. மழைக்கு முன்னும் மழை இடைவெளியிலும் தெளித்தாக வேண்டும். அதாவது, ஈரக் கையோடுதான் தெளித்தாக வேண்டும். மயில்துத்தம் வயிற்றுக்குள் போகக்கூடிய பொருளன்று. பெரியவருக்கு அது தெரியாமல் இல்லை. "வேற எதால புடிக்கறது சார்?" என்று எங்களையே திருப்பிக் கேட்டார்.

மூடியை வாங்கிப் பார்த்தோம். பழைய மூடி தேய்ந்துவிட்டதால் கடையிலிருந்து புதிதாய் வாங்கிப் போட்டது. பித்தளை, மேலே பளபளவென்று குரோம் பூச்சு. கண்ணுக்கு அழகாக இருந்தது. கையால் பிடிக்கத்தான் அதில் எதுவும் இல்லை. பழைய மூடியையும் அவர் பையில் வைத்திருந்தார். எத்தனையோ ஆண்டுகள் விரல் பட்டுத் தேய்ந்த நிலையிலும், அதன் சுற்றுப்புறத்தில் சாய்சதுரங்களின் சுவடு தெரிந்தது. குறுக்கும் நெடுக்குமாகச் சாய்ந்த கோடுகளால் ஆன அந்தச் சொரசொரப்புக்கு லேத் பட்டறையில் நர்லிங் என்று பெயர். எங்களில் ஒருவருடைய தந்தையார் ஐ.டி.ஐ.யில் டர்னர் படித்தவர் என்பதால் எங்களுக்கு அந்தப் பெயராவது தெரிந்திருந்தது.

நாம் ஒவ்வொருவரும் தினமும் நர்லிங்கைத் தொடுகிறோம். சவரக் கத்தியின் கைப்பிடி, மைக்ரோமீட்டரின் குமிழ், உடற்பயிற்சிக் கூடத்தின் எடைத் தண்டு, வரைவாளர்களின் உலோகப் பென்சில், பழைய புகைப்படக் கருவியின் குவிய வளையம், பெட்ரோமாக்ஸ் விளக்கின் குமிழ் என்று அதன் இடங்கள் எண்ணற்றவை. தொடுகிறோம், ஆனால் பார்ப்பதில்லை. வேலையைச் சரியாகச் செய்யும் எதையும் நாம் பார்ப்பதில்லை என்பது ஒரு பக்கம். அதைச் செய்தவரையும் பார்ப்பதில்லை என்பது இன்னொரு பக்கம். எங்கள் கவலை இரண்டாவதைப் பற்றியது.

மலையிலிருந்து இறங்கும்போது அந்தப் புதிய மூடியைக் கையோடு கொண்டுவந்தோம். பெரியவர் பழையதைப் போட்டு ஒரு வாரம் ஓட்டிக்கொள்வதாகச் சொன்னார். சேலத்தில் விசாரித்து ஒரு சிறிய லேத் பட்டறைக்குப் போனோம். இரண்டு லேத்துகள், ஒன்று பஞ்சாபின் பட்டாலாவில் வார்த்தது. டர்னருக்கு ஐம்பது வயதிருக்கும். மூடியை உருட்டிப் பார்த்துவிட்டு, "யாருங்க புடிக்கப்போறது?" என்றார். எங்களுக்குக் கேள்வி விளங்கவில்லை. "ஈரக் கையா, காஞ்ச கையா? எண்ணெய் படுமா? கையுறை போடுவாங்களா? தினம் எத்தன தடவ தொறப்பாங்க?" ஒரு மூடிக்கு இத்தனை கேள்விகளா என்று வியந்தோம். விடைகளைச் சொன்னோம். சுண்ணாம்பு என்றதும் தலையை அசைத்து, "அப்ப பொடிசா போட்டா அடைச்சுக்கும். பெரிசாத்தான் போடணும்" என்றார்.

நர்லிங்கில் பொதுவாக மூன்று அளவுகள். கோடுகளுக்கிடையே 1.75 மில்லிமீட்டர் இருந்தால் பெரியது, 1.25 நடுத்தரம், 0.75 பொடி. அங்குலக் கணக்கில் முறையே 14, 21, 33 பற்கள். பொடியானது விரல் நுனிகளால் மட்டும் பிடிக்கும் கருவிகளுக்கு ஏற்றது. உள்ளங்கை முழுவதும் அழுந்தும் இடங்களுக்கும் ஈரமும் அழுக்கும் சேரும் இடங்களுக்கும் பெரியது வேண்டும். அதையும் அளவு மீறிக் கூர்மையாகப் போட்டால் கை கிழியும். யாருடைய கை, என்ன நிலையில், எவ்வளவு நேரம் என்பது தெரியாமல் இதில் எதையும் தீர்மானிக்க முடியாது. எந்த நூலிலும் அட்டவணையாக இருக்கும் செய்திதான். ஆனால் அட்டவணையைக் கேள்வியாக மாற்றத் தெரிந்தவர் அந்த டர்னர்.

பிறகு வேலை நடந்தது. மூடி உள்ளே குழிவானது. அப்படியே அழுத்தினால் நசுங்கிவிடும். ஆகவே முதலில் ஒரு இரும்புத் துண்டில் அதே மரையைக் கடைந்து, மூடியை அதன்மேல் இறுக்கினார். மேலிருந்த குரோம் பூச்சை மெல்லியதாகச் சீவி எடுத்தார். ஓரங்களைச் சற்றே சாய்த்துவிட்டார். அதன்பின் டூல் போஸ்டில் நர்லிங் கருவியைப் பொருத்தினார். அதில் கடினப்படுத்திய எஃகால் ஆன இரண்டு சிறு சக்கரங்கள். ஒன்றின் பற்கள் இடப்பக்கம் சாய்ந்தவை, மற்றதன் பற்கள் வலப்பக்கம். இரண்டும் சேர்ந்து அழுந்தினால் சாய்சதுரம். நேரான பற்கள் கொண்ட ஒற்றைச் சக்கரமாக இருந்தால் நேர்க்கோடு.

இது பெரும்பாலும் வெட்டும் வேலையன்று என்பதுதான் எங்களுக்கு முதல் ஆச்சரியம். லேத்தில் மற்ற எல்லா வேலைகளும் உலோகத்தைச் சீவிக் கழிப்பவை. சுருள் சுருளாகக் கழிவு விழும். வழக்கமான நர்லிங்கிலோ சக்கரம் உலோகத்தை அழுத்துகிறது. அழுந்திய இடம் பள்ளமாக, அங்கிருந்த உலோகம் நகர்ந்து பக்கத்தில் மேடாக எழும்புகிறது. ஆகவே வேலை முடிந்தபின் துண்டின் விட்டம் குறைவதற்குப் பதிலாகக் கூடிவிடுகிறது. பெரிய அளவு நர்லிங்கில் அரை மில்லிமீட்டர் வரைகூட ஏறலாம். வெட்டி எடுக்கும் நர்லிங் கருவிகளும் உண்டு, மெல்லிய குழாய்களுக்கு அவை ஏற்றவை. ஆனால் நம் பட்டறைகளில் பரவலாகக் காண்பது அழுத்தும் முறைதான். அழுத்தம் பக்கவாட்டில் பலமாக விழுவதால், நீண்ட தண்டாக இருந்தால் மறுமுனையை டெயில் ஸ்டாக்கால் தாங்கிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் தண்டு வளையும்.

இரண்டாவது ஆச்சரியம் கணக்கு. சக்கரத்தின் பற்கள் துண்டைச் சுற்றிவந்து முதலில் தொட்ட பள்ளத்திலேயே மறுபடி விழ வேண்டும். சுற்றளவு பல் இடைவெளியின் முழு மடங்காக இல்லாவிட்டால், இரண்டாம் சுற்றில் பல் வேறிடத்தில் விழுந்து, கோட்டின்மேல் கோடாகக் குழம்பிவிடும். 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள தண்டில் 1.25 இடைவெளியில் நேர்க்கோட்டு நர்லிங் போட்டால் 62 பற்களுக்கு மேல் இடமிருக்கும், 63 பற்களுக்குப் போதாது. அதை 24.67க்குக் கடைந்துகொண்டால் 62 பற்கள் சரியாக உட்காரும். எங்கள் டர்னர் இந்தக் கணக்கைத் தாளில் போடவில்லை. குறைந்த வேகத்தில் லேத்தை ஓட்டி, சக்கரத்தின் பாதி அகலம் மட்டும் மூடியின் ஓரத்தில் படும்படி வைத்து, முதல் அழுத்தத்தைத் தயங்காமல் கொடுத்தார். ஒரு சுற்று. நிறுத்திக் குனிந்து பார்த்தார். "தடம் ஒழுங்கா விழுந்திருக்கு" என்றார். பிறகு எண்ணெய் விட்டு, சக்கரங்களைத் தூரிகையால் துடைத்துக்கொண்டே மூடியின் அகலம் முழுவதும் நகர்த்திச் சென்றார். மெதுவாக, பயந்து பயந்து அழுத்துபவர்களுக்குத்தான் தடம் தப்பும் என்றார். முதல் அழுத்தத்திலேயே பல் தன் இடத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

பத்தே நிமிடம். கூலி எண்பது ரூபாய். மூடியைக் கையில் வாங்கித் திருகிப் பார்த்தோம். ஒருவர் கையை நீரில் நனைத்துக்கொண்டு வந்து முயன்றார். வழுக்கவில்லை.

இந்த எளிய நுட்பம் ஏதோ மேலைநாட்டு ஆலைகளோடு நமக்கு வந்துசேர்ந்தது என்று நினைக்க வேண்டியதில்லை. லேத்தும் எஃகுச் சக்கரமும் அங்கிருந்து வந்தவை, உண்மை. ஆனால் வழுக்கும் பரப்பைச் சொரசொரப்பாக்கி வேலை வாங்கும் அறிவு நம் வாசலில் கூவிக்கொண்டு போயிருக்கிறது. அம்மி கொத்துகிறவரை நினைத்துக்கொள்ளலாம். அரைத்து அரைத்து வழவழப்பாகிவிட்ட கல்லில் மிளகாயும் மல்லியும் நில்லாமல் நழுவும். அவர் வந்து சிற்றுளியால் பள்ளம் பள்ளமாகக் கொத்திவிட்டுப் போவார். மறுநாள் அம்மி மறுபடியும் பொருளைப் பற்றிக்கொள்ளும். ஓரளவு வயதானவர்களின் காதில் அந்த ஒலி இன்னும் இருக்கும். அவர் கொத்திய கோலத்தில் ஒரு ஒழுங்கு இருந்தது. நாம் அதை அலங்காரமாக மட்டும் கண்டோம்.

இன்னும் பின்னால் போகலாம். அதற்கும் ஏற்காட்டைவிட்டு நகர வேண்டியதில்லை. இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் முன்னோடியான ராபர்ட் புரூஸ் பூட் பணி ஓய்வுக்குப்பின் ஏற்காட்டில் வாழ்ந்தவர். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் அவர் கண்டெடுத்த கல்லாயுதம்தான் இந்தியாவின் பழைய கற்காலத்தை உலகுக்கு அறிவித்தது. அதே ஆண்டில் அவர் கண்ட அத்திரம்பாக்கத்தின் கைக்கோடரிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுப் பழைமை கொண்டவை என்பதை 2011இல் வெளியான ஆய்வு நிறுவியது. கைக்கோடரிகளை அருங்காட்சியகத்தில் பார்ப்பவர்கள் அதன் கூரிய முனையையே பார்க்கிறார்கள். அடிப்பக்கத்தையும் பார்க்கச் சொல்வோம். பல கோடரிகளில் அந்தப் பகுதியைச் செதுக்காமல், கூழாங்கல்லின் இயற்கையான தோலோடு அப்படியே விட்டிருப்பார்கள். உள்ளங்கை படும் இடம் அது. வெட்டும் முனையைப் பற்றி யோசித்த அந்த மனிதனோ மனுஷியோ, பிடிக்கும் கையைப் பற்றியும் யோசித்திருக்கிறார். கருவி என்பதற்கு எப்போதும் இரண்டு முனைகள். ஒன்று பொருளை நோக்கியது, மற்றது மனிதரை நோக்கியது.

மனிதரை நோக்கிய அந்த முனையில்தான் நர்லிங் இருக்கிறது. அது கை வாசிக்கும் ஓர் எழுத்து என்றுகூடச் சொல்லலாம். இருட்டில் கருவியைத் தொட்டவுடன் பிடிக்குமிடம் எது, பிடிக்கக் கூடாத இடம் எது என்பதை அது சொல்லிவிடுகிறது. அமெரிக்காவில் அபாயகரமான அறைகளின் கதவுக் குமிழ்களில் நர்லிங் போட்டுப் பார்வையற்றோருக்கு எச்சரிக்கை தரும் முறை கடைப்பிடிக்கப்பட்டிருக்கிறது. வெள்ளிக் காசின் விளிம்பைச் சுரண்டித் திருடுவதைத் தடுக்க ஐரோப்பிய நாணயச்சாலைகள் காசின் ஓரத்தில் வரிகள் போட்டதும் இதன் உறவுதான். வரி அழிந்திருந்தால் திருட்டு நடந்திருக்கிறது என்று பொருள்.

நர்லிங்குக்கு ஒரு கள்ள வழக்கும் உண்டு. அதையும் அந்த டர்னரே சொன்னார். பேரிங் உட்காரும் இடத்தில் தண்டு தேய்ந்து லொடலொடத்துவிட்டால், முறையாகச் செய்ய வேண்டியது அங்கே உலோகம் ஏற்றிக் கடைவது அல்லது தண்டையே மாற்றுவது. சிலர் அந்த இடத்தில் ஒரு நர்லிங் போட்டுவிடுவார்கள். மேடுகள் எழும்பி விட்டம் ஏறும். பேரிங் இறுக உட்கார்ந்துகொள்ளும். ஆனால் அதைத் தாங்குவது மேடுகளின் நுனிகள் மட்டும்தான். பாரம் விழ விழ அவை நசுங்கும். சில நாட்களில் பழைய கதை. அவசரத்துக்கு, வண்டிக்காரரிடம் சொல்லிவிட்டுச் செய்வது வேறு. சொல்லாமல் செய்து முழுக்கூலி வாங்குவது வேறு. "ரெண்டும் அதே டூல்தான் சார்" என்றார். இன்னொரு வகைக் கள்ளமும் கடைகளில் கிடைக்கிறது. கண்ணுக்கு நர்லிங் போலவே தெரியும் ஆழமற்ற கோலத்தை வார்ப்பிலேயே இட்டு, அதன்மேல் கனமாகப் பூச்சுப் பூசிவிடுவது. பார்க்கப் பிடிமானம், பிடித்தால் வழுக்கல். இதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது எங்கள் மொழிநடைகளைப் பற்றிய நினைவு எங்களுக்கு வந்ததென்று ஒப்புக்கொள்கிறோம். அதை மேலும் இழுக்க விரும்பவில்லை.

இலக்கியத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கும் வாசகருக்கு இனிப் பதில் சொல்ல வேண்டும். தமிழ் நாவல் உழைப்பை எழுதாமலில்லை. நெசவாளரின் துயரத்தைத் தொ.மு.சி. ரகுநாதனின் 'பஞ்சும் பசியும்' எழுதியது. தோல் பதனிடுவோரின் வாழ்வை டி. செல்வராஜின் 'தோல்' எழுதி 2012இல் சாகித்ய அகாதெமி விருதும் பெற்றது. தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் நரகம் 'எரியும் பனிக்காடு' என்ற மொழிபெயர்ப்பாய் நமக்குக் கிடைத்தது. ஆனால் லேத்? கோவையில் 1926இல் பி.எஸ்.ஜி. தொழிற்பயிலகம் தொடங்கிய காலத்திலிருந்து கணக்கிட்டாலும் ஒரு நூற்றாண்டு ஆகிறது. கோவையிலும் சேலத்திலும் ஓசூரிலும் அம்பத்தூரிலும் தலைமுறை தலைமுறையாக மக்கள் கடைந்துகொண்டிருக்கிறார்கள். எங்கள் வாசிப்புக்கு எட்டியவரை, லேத்தின் முன்னால் நிற்கும் மனிதரின் கை என்ன அறிகிறது என்பதை உள்ளிருந்து சொல்லும் நாவல் ஒன்று தமிழில் இல்லை. எழுதப்பட்டவற்றிலும் அவருடைய கூலி வருகிறது, பசி வருகிறது, சங்கம் வருகிறது. வேண்டியவைதான். அவருடைய அறிவு வருவதில்லை. தொழிலாளி என்றால் துன்புறுபவர் என்று ஏற்றுக்கொண்ட நாம், அவரைச் சிந்திப்பவராக ஏற்கத் தயங்குகிறோம் என்பதே எங்கள் குற்றச்சாட்டு. அதில் எங்களையும் சேர்த்துக்கொள்கிறோம்.

சொற்களிலும் இதே விலகல். லேத்துக்குக் கடைசல் இயந்திரம் என்ற அழகான சொல் நம்மிடம் உண்டு. மரக் கடைசல் நம் பழைய தொழில். அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான்கள் அதில் பிறந்தவை. பாடநூலில் கடைசல் இயந்திரம் இருக்கிறது. பட்டறையில் லேத் இருக்கிறது. நர்லிங்குக்கோ பட்டறையில் வேறு சொல்லே இல்லை. அறிவியல் சொற்களைத் தமிழில் ஆக்குவதற்கென்று 1916இல் ஒரு சங்கத்தை ராஜாஜியும் நண்பர்களும் தொடங்கியது இதே சேலத்தில்தான் என்பதை நினைக்கும்போது கொஞ்சம் வருத்தமாக இருக்கிறது. ரசாயனத்துக்கும் தாவரவியலுக்கும் சொல் தேடியவர்களின் முயற்சி போற்றத்தக்கது. அந்த மரபில் வந்த பிற்காலக் குழுக்கள் ஒருபோதும் பட்டறை வாசலில் போய் நின்று கேட்கவில்லை என்பதே எங்கள் எண்ணம்.

எங்களில் ஒருவர் அன்றே ஒரு சொல்லை முன்வைத்தார்: 'பிடிகொத்து'. அம்மி கொத்தை நினைவூட்டுவதால் எல்லோருக்கும் பிடித்துப்போனது. டர்னரிடம் சொன்னோம். அவர் மரியாதையாகக் கேட்டுவிட்டு, "கொத்தறது இல்லீங்களே சார் இது, அமுக்கறதில்ல?" என்றார். அவர் சொன்னது சரி. கொத்தினால் கல் தெறித்து விழும். இங்கே எதுவும் விழுவதில்லை, நகர்கிறது. பொருளை அறியாமல் ஓசையை நம்பிச் சொல் செய்திருந்தோம். ஆகவே இப்போதைக்கு நர்லிங் என்றே எழுதுகிறோம். அதற்கொரு தமிழ்ச்சொல் வரும் என்றால், அது சக்கரம் அழுந்தும் ஓசையைத் தினமும் கேட்கிறவர்களின் வாயிலிருந்து வரட்டும். அதைக் குறித்துக்கொள்ள அருகில் ஒருவர் இருந்தால் போதும். அந்த ஒருவராக இருப்பது நம் வேலை.

எங்கள் குழுவிலேயே எதிர்ப்பும் எழுந்தது. "இதெல்லாம் பழைமை ஏக்கம். இன்று கணினி லேத் வந்துவிட்டது. பிளாஸ்டிக் மூடியை அச்சில் ஊற்றும்போதே வரிகளும் வந்துவிடும். ஒரு டர்னர் குனிந்து பார்த்ததற்காக உருக வேண்டியதில்லை" என்றார் ஒரு நண்பர். நியாயமான எதிர்ப்புதான். கணினி லேத்திலும் நர்லிங் போடுவது அதே சக்கரங்கள்தான். அச்சில் வார்த்த பிளாஸ்டிக் வரியும் நன்றாகவே பிடிக்கும், கையை அறிந்து போட்டிருந்தால். நாங்கள் பேசுவது கைவேலைக்கும் இயந்திரத்துக்குமான வழக்கைப் பற்றியன்று. யாருங்க புடிக்கப்போறது என்ற கேள்வி வேலையின் எந்தக் கட்டத்தில் யாரால் கேட்கப்படுகிறது என்பதைப் பற்றி. அந்தக் குரோம் மூடியை வடிவமைத்தவர் எங்கோ ஒரு மேசையில், காய்ந்த கையோடு அமர்ந்திருந்தார். அவர் கெட்டவர் அல்லர். அவரை யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இதே கேள்வி கேட்கப்படாததன் விளைவுகளை நம் வீடுகளிலேயே காணலாம். மூட்டுவலி வந்த தாயார் ஊறுகாய்ப் பாட்டிலைத் திறக்க முடியாமல் பேரனைக் கூப்பிடுகிறார். எரிவாயு அடுப்பின் குமிழ் எண்ணெய்க் கையில் வழுக்குகிறது. மருந்துக் குப்பியின் மூடி, அந்த மருந்து யாருக்குத் தேவையோ அவராலேயே திறக்க முடியாததாக இருக்கிறது. பெண்களின் கை அளவும் முதியோரின் விரல் வலிமையும் கணக்கில் வராத பொருட்கள் எத்தனை! இவற்றில் எதற்கும் பெரும் செலவில்லை. ஒண்டிக்கடைப் பெரியவரின் வாய்க்குள் மயில்துத்தம் போகாமலிருக்க ஆன செலவு எண்பது ரூபாய், அதுவும் தனியாக ஒன்றைச் செய்ததால். ஆயிரக்கணக்கில் செய்யும்போது ஒரு மூடிக்கு ஆகக்கூடியது மிகச் சொற்பம். அந்தச் சொற்பத்தை மிச்சப்படுத்தி, அதைவிடக் கூடுதலாகப் பளபளப்புக்குச் செலவழித்திருக்கிறார்கள்.

பட்டறையைப் புனிதமாக்கவும் எங்களுக்கு விருப்பமில்லை. அங்கே சத்தம் காதைப் பிளக்கிறது. சூடான உலோகச் சுருள் தெறிக்கிறது. சுழலும் துண்டு துணியைப் பற்றினால் கையையும் இழுத்துக்கொள்ளும் என்பதால் லேத்தில் கையுறை அணியக் கூடாது. அடுத்தவர் கைக்குப் பிடிமானம் செய்கிறவர் தம் கையை வெறுங்கையாகவே வைத்து வேலை செய்கிறார். தம் பிள்ளை இந்த வேலைக்கு வர வேண்டாம் என்றுதான் எங்கள் டர்னரும் சொன்னார். மூலப்பொருள் விலையும் மின்கட்டணமும் சிறு பட்டறைகளை நெரிக்கின்றன. 2023 செப்டம்பரில் மின்சார நிலைக்கட்டணத்தையும் உச்சநேரக் கட்டணத்தையும் எதிர்த்துத் தமிழகத்தின் சிறு, குறுந்தொழில் கூடங்கள் ஒருநாள் கதவடைப்பு நடத்தின. செய்தித்தாள்களின் வணிகப் பக்கத்தில் அது வந்தது. இலக்கியப் பத்திரிகைகளில் அதன் நிழல்கூட விழவில்லை. ஒரு பட்டறை மூடப்படும்போது இயந்திரம் பழைய இரும்புக்குப் போகும். அது திரும்ப உருகி வேறொன்றாகும். அந்தக் கேள்விகளைக் கேட்கத் தெரிந்த மனிதர் எங்கே போவார் என்பதற்கு யாரிடமும் கணக்கில்லை.

ஆகவே எங்கள் கோரிக்கை சிறியது. இந்தப் பக்கத்தை வாசிக்கும் நண்பர்களில் பலர் எழுதுகிறவர்கள். உங்கள் தெருவிலோ அடுத்த தெருவிலோ ஒரு லேத் பட்டறை இருக்கும். ஒரு பிற்பகல் அங்கே போய் நில்லுங்கள். கதைக்குக் கரு தேடிப் போக வேண்டாம்; அது கொஞ்சம் அவமரியாதை. ஒரு உடைந்த பொருளைக் கொண்டுபோங்கள். அவர் கேட்கும் கேள்விகளைக் கவனியுங்கள். அவர் சொல்லும் சொற்களை அவர் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள், நம் அகராதிக்கேற்பத் திருத்தாமல். புறநானூற்றுக் காலத்தில் கொல்லனுக்கென்று ஒரு கடமையைப் பாடி வைத்த மொழி இது. அவனுக்கு நாம் பட்ட கடனைப் பற்றியும் இனியாவது எழுதலாம்.

பத்து நாள் கழித்து எங்களில் இருவர் மறுபடி மலையேறினார்கள். ஒண்டிக்கடையில் விசாரித்து, பெரியவரைத் தோட்டத்து வழியில் பிடித்து மூடியைக் கொடுத்தார்கள். அவர் எதுவும் சொல்லவில்லை. குழலில் அதைப் பொருத்தி இறுக்கினார், உடனே நீலம் படிந்த ஈரக் கையால் திருகித் திறந்தார், மறுபடி இறுக்கினார், மறுபடி திறந்தார். மூன்றாம் முறை இறுக்கியபின், "இன்னும் ரெண்டு குழல் இருக்குதுங்க, அதுக்கும் போட்டுத் தருவாங்களா?" என்று கேட்டார். அந்த இரண்டு மூடிகளும் இப்போது சேலத்துப் பட்டறையில் இருக்கின்றன. வரும் வாரம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.